குறுகிய வண்டியில் ஒரு குடும்பம்

வரலாறு என்ற சொல்லைக் கேட்டதும் முடிமன்னர்களும் போர்க்களங்களும் உடன்படிக்கைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை கற்க வேண்டியவையே. எனினும், உலக அரசியலில் நிகழும் பெரிய மாறுதல் ஒன்று எளிய குடும்பம் ஒன்றின் வாயிற்படியை எந்த வடிவில் வந்து எட்டுகிறது என்று ஆராய்வதும் வரலாறு பயில்வோர் கடமையாகும். அவ்வகையில், 1950-களில் ஐரோப்பாவில் சிறு குழந்தைகளை உடைய குடும்பங்கள் மிகச் சிறிய மோட்டார் வண்டிகளுக்குள் தம்மை எவ்வாறு பொருத்திக்கொண்டன என்பதை இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். கார் என்பது பொறியியல் மாணவர்க்கு உரிய பொருள் அன்றோ என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கால்வாய் அடைபட்டதையும், ஒரு தாய் தன் குழந்தையை எங்கே உட்கார வைத்தாள் என்பதையும் ஒரே நூலில் கோத்துக் காட்டுவது இந்தச் சிறு வண்டிகளின் கதை. ஆதலின் இது வரலாற்று மாணவர்க்கும் உரியதே.

முதலில் கால்வாயைப் பற்றிக் கூறுகிறேன். 1956-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் எகிப்தின் அதிபர் நாசர் சூயஸ் கால்வாய்க் கம்பெனியை நாட்டுடைமை ஆக்கினார். அதுவரை அக்கம்பெனியில் பிரிட்டனும் பிரான்சும் பெரும்பங்கு கொண்டிருந்தன. அக்டோபர் இறுதியில் இஸ்ரேல் எகிப்தின்மீது படையெடுத்தது. அடுத்த சில நாள்களில் பிரிட்டனும் பிரான்சும் போரில் இறங்கின. கால்வாயில் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டு வழி அடைபட்டது. ஈராக்கிலிருந்து சிரியா வழியாக மத்தியதரைக் கடலுக்கு எண்ணெய் கொண்டுவந்த குழாய்த் தொடரின் நிலையங்களும் தகர்க்கப்பட்டன. மேற்கு ஐரோப்பாவுக்கு வந்த எண்ணெயின் பெரும்பகுதி இவ்விரு வழிகளையே நம்பியிருந்தது. இனி எண்ணெய்க் கப்பல்கள் ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்முனையைச் சுற்றி வரவேண்டும் என்ற நிலை ஏற்பட்டது.

இதன் விளைவு பிரிட்டனில் விரைவாகவே தெரிந்தது. 1956 டிசம்பர் 17 முதல் பெட்ரோலுக்குப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. தொழிலுக்கென்று கூடுதலாகப் பெறாத சாதாரணக் குடும்பத்துக்கு மாதம் ஏறத்தாழ 200 மைல் ஓடுவதற்கு வேண்டிய அளவே கிடைத்தது. ஓட்டுநர் தேர்வுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. தேர்வாளர்கள் பங்கீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டனர். அதனால் பயிலும் ஓட்டுநர்கள் துணையின்றித் தாமே வண்டி ஓட்டலாம் என்று அரசு தற்காலிக அனுமதி அளித்தது. உலகப் போர்க் காலத்துப் பங்கீட்டின் கசப்பை அறிந்த மக்களுக்கு, அக்கசப்பு மீண்டும் வந்ததுபோல் இருந்தது. 1957 மே 14-ஆம் நாள் பங்கீடு நீங்கியது. ஐந்து மாதங்களே நீடித்தாலும், ஒரு பாடத்தை அது மக்கள் மனத்தில் ஆழப் பதித்துவிட்டது. வண்டி பெரிதாக இருப்பது மட்டும் போதாது. அதற்குத் தீனி கிடைக்க வேண்டும் என்பதே அப்பாடம். ஒரு லிட்டர் பெட்ரோலில் 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய சின்னஞ்சிறு வண்டிகளை அவர்கள் நாடத் தொடங்கினார்கள். முட்டை வடிவமும் கண்ணாடிக் கவிகையும் உடைய அவ்வண்டிகளுக்குக் குமிழிக் கார் என்ற செல்லப் பெயர் வழங்கலாயிற்று.

இக்குமிழிக் கார்கள் சூயஸ் நெருக்கடிக்காகப் பிறந்தவை அல்ல. அவை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தோன்றியவை. தோல்வியுற்ற ஜெர்மனியின் வரலாற்றோடு அவை தொடர்புடையன. போருக்குப்பின் அந்நாட்டில் விமானத் தொழிலுக்குத் தடை விதிக்கப்பட்டிருந்தது. 1955-இல்தான் அது நீங்கியது. போர் விமானங்கள் செய்த மெசர்ஷ்மிட், ஹைங்கல் ஆகிய தொழிற்சாலைகளும், விமான எஞ்சின்கள் செய்த பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையும் வேறு வேலை தேடவேண்டியிருந்தது. மறுபுறம், மக்களிடம் பெரிய கார் வாங்கப் பணம் இல்லை. தொழிலாளர் பலர் மோட்டார் சைக்கிளிலேயே சென்றனர். மழையிலும் பனியிலும் நனையாமல் செல்லக் கூரையோடு கூடிய மலிவான வண்டி ஒன்று கிடைத்தால் போதும் என்பது அவர்களது ஏக்கம். வேலை தேடிய தொழிற்சாலையும் கூரை தேடிய குடும்பமும் சந்தித்த இடத்திலேதான் இச்சிறு வண்டிகள் பிறந்தன.

அவற்றுள் புகழ்பெற்றது இசெட்டா. இதன் தாயகம் இத்தாலி. குளிர்பதனப் பெட்டிகளும் ஸ்கூட்டர்களும் செய்துவந்த இசோ என்னும் கம்பெனி 1953-இல் இதனை உலகுக்குக் காட்டியது. பி.எம்.டபிள்யூ. அதன் உரிமையைப் பெற்று, 1955 முதல் ஜெர்மனியில் தன் மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்தி விற்றது. நீளம் ஏறத்தாழ 2.3 மீட்டர், எஞ்சினின் கொள்ளளவு 247 கன செண்டிமீட்டர், பின்னர் 298. பக்கங்களில் கதவே கிடையாது. வண்டியின் முகம் முழுவதுமே ஒரு கதவு. அதைத் திறந்தால் ஸ்டியரிங்கும் கதவோடு சேர்ந்து ஒருபுறம் ஒதுங்கி வழிவிடும். உள்ளே ஒரே ஒரு பெஞ்சு. முன்புறம் மோதிக் கதவு திறக்க முடியாமற் போனால் மேலே உள்ள துணிக்கூரையைத் திறந்துகொண்டு வெளியேற வேண்டும். 1962 வரை 1,60,000-க்கும் மேற்பட்ட இசெட்டாக்களை பி.எம்.டபிள்யூ. செய்து விற்றது.

1957 முதல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரிலும் இசெட்டா உருவாயிற்று. அங்கே தொழிற்சாலையாக அமைந்தது ஒரு பழைய இரயில்வே பட்டறை. அதற்குச் சாலை வழியே இல்லை. உதிரிப் பாகங்கள் வந்ததும், முடிந்த வண்டிகள் போனதும் இரயிலில்தான். அந்நாட்டுச் சட்டத்தில் மூன்று சக்கர வண்டிக்கு வரி குறைவு. அதில் பின்னோக்கிச் செல்லும் கியர் இல்லையாயின், மோட்டார் சைக்கிள் உரிமம் வைத்திருப்பவரே அதை ஓட்டலாம். ஆகவே பின்புறம் ஒற்றைச் சக்கரம் வைத்து, ரிவர்ஸ் கியரையும் அடைத்து விற்றார்கள். சுவரை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டால் கதவையும் திறக்க முடியாது, பின்னாலும் வரமுடியாது. கூரை வழியாக ஏறி வெளிவந்து வண்டியைக் கையால் தள்ளவேண்டும் என்று அக்காலத்தில் நகைச்சுவையாகக் கூறுவது உண்டு.

இத்தகைய வண்டியில் தாய், தந்தை, இரு குழந்தைகள் ஆகிய நால்வர் புறப்படுவதை எண்ணிப் பாருங்கள். ஒரே பெஞ்சில் பெற்றோர் அமர்வர். ஒரு குழந்தை இருவருக்கும் இடையில் நெருங்கி உட்காரும். கைக்குழந்தை தாயின் மடியில் இருக்கும். பெஞ்சுக்குப் பின்னால் பொருள் வைக்கும் தட்டில் பால்புட்டியும் மாற்றுத் துணியும் செல்லும். மூட்டை பெருத்தால் வண்டிக்கு வெளியே பின்புறம் ஒரு சட்டத்தில் கட்ட வேண்டும். மூத்த குழந்தை வளர்ந்து தோள் அகலும்போது தந்தையின் முழங்கைக்கு இடம் போதாது. பயணத்தின் நடுவே ஒரு குழந்தை அழுதால் அதை வேறிடம் மாற்றி உட்கார வைக்க வேறிடமே கிடையாது. இந்த நெருக்கம் அன்றாட வாழ்க்கையாகவே இருந்தது.

இங்கே வரலாற்று மாணவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே வண்டியைப் பற்றி ஒரு குடும்பம் முறையிட்டது. மற்றொரு குடும்பம் மகிழ்ந்து பாராட்டியது. இரண்டும் உண்மையே. நான்கு கதவுகள் உடைய காரை வைத்திருந்து, பெட்ரோல் செலவுக்கு அஞ்சிக் குமிழிக் காருக்கு இறங்கி வந்தவர்க்கு அது ஒரு சிறை. மோட்டார் சைக்கிளின் பக்கவண்டியில் மனைவியையும் குழந்தையையும் அமர்த்தி, மழையில் நனைந்து சென்றவர்க்கோ அது ஒரு வீடு. குமிழிக் கார் வாங்கியவர்களுள் இவ்வாறு மேலேறி வந்தவர்கள் பலர். ஆகவே வசதி, வசதிக்குறைவு என்னும் சொற்களைப் பழைய ஆவணங்களில் காணும்போது, இதைச் சொன்னவர் எங்கிருந்து வந்தார் என்று முதலில் கேளுங்கள். விடை கிடைத்தால்தான் அச்சொல்லின் பொருள் விளங்கும்.

இனி வண்டி செய்தவர்களின் பக்கம் திரும்புவோம். முதலில் வந்த வண்டிகள் பெரும்பாலும் இருவரை மனத்தில் கொண்டே வரையப்பட்டவை. மெசர்ஷ்மிட் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். போரில் ஊனமுற்றோர்க்கு வண்டிகள் அமைத்துவந்த ஃபிரிட்ஸ் ஃபெண்ட் என்னும் பொறியாளர் வகுத்தது அது. 1953-இல் முதல் வடிவம் வந்தது. 1955-இல் திருந்திய வடிவம் வந்தது. ஒருவர்பின் ஒருவராக உட்கார வேண்டும். பின்னிருப்பவர் பக்கத்தில் ஒரு சிறு குழந்தையை ஒண்டவைக்கலாம். இரண்டாவது குழந்தை பிறந்துவிட்டால்? வண்டியிடம் அதற்கு விடை இல்லை.

குடும்பம் வளர்வது இயற்கை. வளர்ந்த குடும்பம் வண்டியைக் கைவிடுவதும் இயற்கை. இதனை உணர்ந்த கம்பெனிகள் நான்கு பேர்க்கு இடம் தேடி வெவ்வேறு வழிகளில் முயன்றன. சுண்டாப் என்னும் மோட்டார் சைக்கிள் கம்பெனி 1957-இல் ஜானஸ் என்ற வண்டியை வெளியிட்டது. இரு முகங்கள் கொண்ட ரோமானியத் தெய்வத்தின் பெயர் அது. பெயருக்கு ஏற்ப, வண்டிக்கு முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. நடுவில் எஞ்சின். முன்னிருக்கையில் இருப்பவர் முன்னோக்கியும் பின்னிருக்கையில் இருப்பவர் பின்னோக்கியும் முதுகோடு முதுகாக அமர வேண்டும். குழந்தைகள் பின்னால் உட்கார்ந்தால் அவர்கள் முகத்தைத் தாய் காண முடியாது. அவர்கள் பக்கத்துக் கதவை அவளால் எட்டவும் முடியாது. நான்கு பேர்க்கு இடம் கிடைத்தது. ஆனால் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. 1958-இல் ஜானஸ் நின்றுபோயிற்று. மொத்தம் 7,000 வண்டிகள்கூட உருவாகவில்லை. அதன் தோல்விக்கு விலை, எஞ்சினின் வலுக்குறைவு முதலிய காரணங்களும் உண்டு. எனினும் நான்கு இருக்கைகளை எண்ணிக் கொடுப்பது வேறு, ஒரு குடும்பத்துக்கு இடம் கொடுப்பது வேறு என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

பி.எம்.டபிள்யூ. கம்பெனி இசெட்டாவை நீட்டி, 1957-இல் 600 என்னும் வண்டியைச் செய்தது. முகக் கதவு அப்படியே இருக்க, பின்னிருக்கைக்கென்று பக்கத்தில் ஒரு கதவு சேர்ந்தது. இத்தாலியில் ஃபியட் கம்பெனி தாந்தே ஜியாக்கோசா என்னும் பொறியாளரின் கைவண்ணத்தில், 1955-இல் 600 என்ற நான்கு பேர் வண்டியையும், 1956-இல் அதன் அடித்தளத்திலேயே ஆறு பேர் அமரத்தக்க மல்ட்டிப்ளா வண்டியையும் வெளியிட்டது. 1957 ஜூலையில் அதனினும் சிறிய 500 வந்தது. நீளம் 2.97 மீட்டர்; எஞ்சின் 479 கன செண்டிமீட்டர். முதலில் விற்ற 500-இல் பக்கக் கண்ணாடிகளை இறக்க முடியாது. பின்னால் முறையான மெத்தை இருக்கையும் இல்லை. இருவர்க்கு இதுவே போதும் என்று கம்பெனி எண்ணியது. மக்களோ வாங்கத் தயங்கினர். சில மாதங்களுக்குள்ளாகவே கண்ணாடி இறங்கும் வசதியும் பின்னிருக்கையும் சேர்க்கப்பட்டன. 1960-இல், எஞ்சினையே பக்கவாட்டில் படுக்கவைத்துத் தரைக்கு அடியில் மறைத்து, அதன்மேல் சாமான் வைக்கும் சமதளம் அமைத்த ஜார்டினியேரா என்ற நீண்ட வடிவமும் வந்தது. எஞ்சினைப் படுக்க வைத்தது ஓட்டத்தின் நலனுக்காக அன்று, குடும்பத்தின் மூட்டைக்காக. 1975 வரை 35 இலட்சத்துக்கும் மேற்பட்ட 500 வண்டிகள் உருவாயின.

இங்கிலாந்தின் விடை வேறு விதமாக வந்தது. அந்நாட்டின் பெரிய கார்க் கம்பெனியாகிய பி.எம்.சி.யின் தலைவர் லெனார்டு லார்டு குமிழிக் கார்களை அறவே வெறுத்தார். அவற்றைத் தெருவிலிருந்து விரட்டத்தக்க முறையான சிறிய கார் ஒன்று வேண்டும் என்று 1957-இல் தம் பொறியாளர் அலெக் இசிகோனிசைப் பணித்தார். கம்பெனியில் முன்பே உள்ள எஞ்சினையே பயன்படுத்த வேண்டும் என்பது அவர் இட்ட கட்டளை. இசிகோனிஸ் 1906-இல் ஸ்மிர்னா நகரில் பிறந்தவர். முன்னரே மோரிஸ் மைனர் என்னும் புகழ்பெற்ற காரை வகுத்தவர். அவர் இம்முறை, நான்கு பேர்க்கும் அவர்கள் பெட்டிகளுக்கும் வேண்டிய இடத்தை முதலாகக் கொண்டார். எஞ்சியிருக்கும் இடத்துக்குள் எஞ்சினை அடக்கக் கணக்கிட்டார். எஞ்சினைக் குறுக்கே திருப்பினார். கியர்ப் பெட்டியை எஞ்சினுக்கு அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்தார். சக்கரங்களை 10 அங்குல விட்டமாகக் குறைத்தார். சுருள்வில்லுக்குப் பதிலாக, அலெக்ஸ் மோல்ட்டன் அமைத்த ரப்பர்க் கூம்புகளைப் பொருத்தினார். 1959 ஆகஸ்டு 26-ஆம் நாள் அக்கார் மினி என்ற பெயருக்கு உரியதாய் வெளிவந்தது. நீளம் 10 அடி. அந்த நீளத்தில் ஐந்தில் நான்கு பங்கு மனிதருக்கும் அவர்தம் பொருளுக்கும் உரியதாயிற்று.

மினியின் உள்ளே காணப்பட்ட சிக்கனம் மாணவர்கள் உற்றுநோக்கத் தக்கது. கதவுக் கண்ணாடிகள் கீழே இறங்காமல் பக்கவாட்டில் நகரும். அதனால் கதவின் உட்புறம் முழுதும் பையாகப் பயன்பட்டது. பின்னிருக்கையின் இரு பக்கங்களிலும் பொருள் வைக்கக் குழிகள் இருந்தன. டிக்கியின் மூடி கீழே கீல் வைத்துத் திறந்ததால், அதைத் தட்டுபோல் விரித்துப் பெரிய பெட்டியை அதன்மேல் ஏற்றிக் கட்டலாம். எண்பலகை தொங்கும் வகையில் கீல் உடையதாகையால் அப்போதும் எண் தெரியும். குறைகளும் இருந்தன. தொடக்கத்தில் வந்த வண்டிகளில் மழைநீர் தரைக்குள் கசிந்தது. கதவுகள் இரண்டே. பின்னால் குழந்தையை உட்கார வைக்க, தாய் முன்னிருக்கையை மடித்துக் குனிந்து உள்ளே நுழைய வேண்டும். எனினும் பின்புறம் கதவே இல்லாததால் ஓடும் வண்டியில் குழந்தை கதவைத் திறந்துவிடும் அச்சம் இல்லை என்று ஆறுதல் கொண்ட பெற்றோரும் உண்டு. மினி வந்தபின் குமிழிக் கார்களின் காலம் விரைவில் முடிந்தது. 2000-ஆம் ஆண்டு வரை 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மினிகள் உருவாயின.

வண்டியைப் பெரிதாக்க முடியாதபோது வண்டிக்குள் ஏற்றும் பொருளைச் சிறிதாக்குவதும் ஒரு வழி. அக்காலத்து ஆங்கிலேயக் குடும்பங்களின் குழந்தைத் தள்ளுவண்டி, பெரிய சக்கரங்களும் கனத்த உடலும் உடையது. சிறிய காரில் அதை ஏற்றுவது எளிதன்று. ஓவன் மக்லாரன் என்னும் ஓய்வுபெற்ற விமானப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மடங்கும் சக்கரக் கால்களை வகுத்ததில் பங்குகொண்டவர். தம் மகள் பேத்தியுடன் கனத்த தள்ளுவண்டியை வைத்துக்கொண்டு படும் பாட்டை அவர் கண்டார். அலுமினியக் குழல்களால் குடைபோல் மடியும் தள்ளுவண்டியை அமைத்து 1965-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதன் எடை ஏறத்தாழ 3 கிலோ. விமானத்தின் வயிற்றுக்குள் சக்கரத்தை மடித்துவைக்கக் கற்ற அறிவு, காரின் டிக்கிக்குள் குழந்தையின் வண்டியை மடித்துவைக்கப் பயன்பட்டது.

இதுவரை கூறியதிலிருந்து, மனித அறிவு இடநெருக்கடியை வென்றுவிட்டது, குழந்தைகளின் குறை தீர்ந்துவிட்டது என்று நீங்கள் முடிவு செய்யலாம். அவ்வாறு முடிப்பது பிழையாகும். குழந்தைக்கு இடம் தேடிய அந்த ஆண்டுகளில், குழந்தையின் உயிருக்குக் காவல் தேடியவர் மிகச் சிலரே. அக்காலத்து வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். கைக்குழந்தையைக் கைத்தொட்டிலோடு பின்னிருக்கையில் வைப்பார்கள், தொட்டிலைக் கட்டுவதில்லை. இரண்டு வயதுக் குழந்தை இருக்கையின்மேல் நின்றுகொண்டு வேடிக்கை பார்க்கும். குழந்தைக்கென்று அன்று கடைகளில் விற்ற இருக்கைகள் பலவும், குழந்தையை உயர்த்திச் சன்னல் வழியே காட்சி காண வைப்பதற்கும் ஓரிடத்தில் அடக்கி வைப்பதற்கும் ஏற்பட்டவை. மோதலில் காப்பது அவற்றின் நோக்கமாக இருக்கவில்லை.

தாயின் மடியைவிடப் பாதுகாப்பான இடம் ஏது என்று அக்காலத்தார் எண்ணினர். இயற்பியல் பயிலும் மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதன்மேலோ மோதி, அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுவதாகக் கொள்வோம். அப்போது உண்டாகும் எதிர்முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு. மடியிலிருக்கும் 10 கிலோ எடையுள்ள குழந்தையைத் தடுத்து நிறுத்த, 200 கிலோ எடையைத் தாங்குவதற்கு நிகரான வலு வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அவ்வலு கிடையாது. அன்பு குறைவதாலன்று, எலும்பும் தசையும் அவ்வளவுதான் தாங்கும்.

ஃபியட் 500-இன் கதவுகளும் இதற்கு ஒரு சான்று. தொடக்கத்தில் அக்கதவுகளின் கீல் பின்பக்கம் இருந்தது. கதவு முன்புறமிருந்து பின்னோக்கித் திறந்ததால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறவும் இறங்கவும் அது எளிது. ஆனால் ஓடும்போது தாழ் விட்டுப்போனால் எதிர்க்காற்றே கதவை அகலத் திறந்துவிடும். 1965-இல் கீல் முன்பக்கத்துக்கு மாற்றப்பட்டது. ஏறுவது சற்றுக் கடினமாயிற்று, காவல் மிகுந்தது. இவ்வளவு காலம் வசதியைக் கூட்டுவதே முன்னேற்றம் என்று சென்ற வரலாறு, இங்கே ஒரு வசதியைக் குறைத்து முன்னேறியது. நான் உங்கள் கருத்தில் பதிக்க விரும்பும் திருப்பம் இதுவே.

அத்திருப்பத்துக்கு வேறு பலரும் துணை நின்றனர். சுவீடன் நாட்டு வால்வோ கம்பெனியின் பொறியாளர் நில்ஸ் போலின் 1959-இல் மூன்று முனைகளில் பற்றும் சீட் பெல்ட்டை அமைத்தார். மினி பிறந்த அதே ஆண்டு அது. அக்கம்பெனி அதன் உரிமையைப் பிறரும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. அதே நாட்டைச் சேர்ந்த பெர்ட்டில் ஆல்ட்மன், 1964-இல் பின்னோக்கி அமரும் குழந்தை இருக்கையை உருவாக்கினார். விண்வெளி வீரர்கள் புறப்படும்போது முதுகைப் படுக்கையில் அழுத்தியிருக்க, விசை உடல் முழுதும் பரவுவதைக் கண்டு அவர் அதனைச் சிந்தித்தார். குழந்தையின் உடலை நோக்க அதன் தலை பெரிது, கழுத்து மெலிது. முன்புறம் மோதும்போது பின்னோக்கி அமர்ந்த குழந்தையின் தலையையும் முதுகையும் இருக்கை ஒருங்கே தாங்கிக்கொள்ளும்.

சட்டம் மெதுவாகவே நடந்தது. பிரிட்டனில் முன்னிருக்கையில் இருப்போர் பெல்ட் அணிவது 1983-இல் கட்டாயமாயிற்று. பின்னிருக்கைக் குழந்தைகளுக்கு 1989-இலும், பெரியவர்களுக்கு 1991-இலும் அது விரிந்தது. 2006-இல், 12 வயது வரை அல்லது 135 செண்டிமீட்டர் உயரம் வரை குழந்தைகளுக்கு ஏற்ற தனி இருக்கை வேண்டும் என்ற விதி வந்தது. நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி அழைத்துச் செல்வோர்க்கு 1,000 ரூபாய் அபராதம் விதித்தது.

இவற்றால் ஒரு புதிய நெருக்கடி பிறந்தது. குழந்தை இருக்கை அகலமானது. பின்புறம் இரண்டு வைத்தால் நடுவில் ஒரு பெரியவர் உட்காருவது அரிது; மூன்று குழந்தைகள் இருந்தால் சிறிய கார் போதாது. பின்னோக்கிய இருக்கைக்கு இடம்விட முன்னிருக்கையை நகர்த்தினால் ஓட்டுபவர் முழங்கால் இடிக்கும். ஒவ்வொரு முறையும் குழந்தையை அமர்த்தி, வாரை மாட்டி, இறுக்கம் பார்த்துப் புறப்பட நேரம் ஆகும். 1957-இல் இசெட்டாவில் நெருங்கி அமர்ந்த குடும்பம் ஒருவகையில் அல்லற்பட்டது; இக்காலத்துக் குடும்பம் வேறொரு வகையில் அல்லற்படுகிறது.

இவ்விரண்டு அல்லல்களும் ஒன்றா? வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். காரணத்தை ஆராய்ந்தால் வேறுபாடு விளங்கும். முன்னது எண்ணெய் கிடைக்காமையாலும் கையில் பொருள் இன்மையாலும், வரைந்தவர் குழந்தையை எண்ணாமையாலும் வந்தது. அத்தகைய குறையைப் பொறுத்துக்கொண்டு வாழ்ந்த பெற்றோர் பாராட்டுக்கு உரியர். ஆனால் அக்குறை நீக்கத் தக்கது. ஜியாக்கோசாவும் இசிகோனிசும் மக்லாரனும் அதை நீக்கவே உழைத்தனர். பின்னதோ குழந்தையை எண்ணியதால் வந்தது. அதனை நீக்க முயல்வதைவிட ஏற்றுப் பழகுவதே அறிவுடைமை. வாரை மாட்ட ஆகும் நேரம் வீண் நேரம் அன்று.

மாணவ நேயர்களே, உங்களுள் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். சிலர் சட்டம் வகுக்கும் மன்றங்களில் அமர்வீர்கள். பலர் பெற்றோர் ஆவீர்கள். பொறியாளர் ஆகிறவர்கள், வரைபடத்தில் முதல் கோடு இழுக்குமுன் அவ்வண்டியில் ஏறப்போகும் மிகச் சிறிய உயிர் எங்கே அமரும் என்று கேளுங்கள். சட்டம் வகுப்பவர்கள், 1959-இல் வழி தெரிந்த ஒன்று கட்டாயமாக 1983 வரை காத்திருந்த 24 ஆண்டுகளை நினைவிற் கொள்ளுங்கள். பெற்றோர் ஆகிறவர்கள், வீட்டு வரவுக்குத் தக்க சிறிய வண்டியையே வாங்க நேர்ந்தால் அதற்காக வருந்த வேண்டா. அதற்குள் குழந்தைக்கு உரிய இருக்கையை முதலில் பொருத்துங்கள். மீதி இடத்தில் மூட்டைகளை அடுக்குங்கள். இடம் போதாவிட்டால் ஒரு மூட்டையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.